கேமராவை விட்டு எழுந்து வருவது எப்படி: டிவி ஒளிப்பதிவாளர் இயக்குநராக ஒரு வழிகாட்டி

டிவி தொடர் ஒன்றில் இரண்டு மூன்று சீசன் ஒளிப்பதிவாளராக இருந்துவிட்டால் இந்த எண்ணம் வந்தே தீரும். எபிசோடுக்கு ஒரு இயக்குநர் வருகிறார், போகிறார். செட்டில் எந்தச் சுவரைக் கழற்றலாம், எந்த நடிகர் மூன்றாவது டேக்குக்கு மேல் களைத்துவிடுவார், எந்த நடிகைக்கு எந்தப் பக்கத்து ஒளி பிடிக்காது, எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். வந்தவர் "இதை எப்படி எடுக்கலாம்?" என்று உங்களையே கேட்கிறார், நீங்கள் சொன்னபடியே எடுக்கிறார், டைட்டிலில் அவர் பெயர் வருகிறது. அப்புறம் நாமே ஏன் இயக்கக் கூடாது?

தாராளமாக இயக்கலாம். சினிமாவைவிட டிவியில் இதற்கு வழி கொஞ்சம் அகலம். சினிமாவில் கேமராமேன் இயக்குநராக வேண்டும் என்றால் கதை, தயாரிப்பாளர், நடிகர் என்று எல்லாவற்றையும் தேடிப் பிடிக்க வேண்டும். தொடரில் கதை இருக்கிறது, நடிகர்கள் இருக்கிறார்கள், செட் நிற்கிறது, பணம் போடுகிறவர் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். ஒரே ஒரு எபிசோடுக்கு இயக்குநர் நாற்காலி காலியாக இருந்தால் போதும். ஆனால் அந்த நாற்காலி திறமையை மட்டும் பார்த்து வருவதில்லை. கேமராவில் நீங்கள் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும் என்ற நிலை வந்தால்தான் உங்களை அங்கே உட்கார வைப்பார்கள். கீழே சொல்லப்போவதில் பாதி இதைப் பற்றித்தான், ஏனென்றால் நல்ல திறமைசாலிகள் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

தயாரிப்பாளரின் கணக்கு

தயாரிப்பாளர் இடத்தில் இருந்து பாருங்கள். உங்களுக்கு ஒரு எபிசோட் கொடுத்தால், பழகிய ஒளிப்பதிவாளர் ஒருவர் கையை விட்டுப் போகிறார், அதற்குப் பதிலாக இதுவரை இயக்கியே இராத ஒருவர் கிடைக்கிறார். ஒரே முடிவில் இரண்டு ரிஸ்க். "உன் திறமை மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, அடுத்த சீசன் பார்க்கலாம்" என்று அவர் சொல்வதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். உங்கள் மேல் சந்தேகம் இருக்க வேண்டும் என்றில்லை.

கூடவே நாள் கணக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்க இயக்குநர்கள் சங்க ஒப்பந்தப்படி ஒரு மணி நேர டிராமா எபிசோடுக்கு முன்தயாரிப்பு 7 நாள், ஷூட்டிங் 8 நாள். அரை மணி நேரத் தொடர் என்றால் 3 நாளும் 4 நாளும். வேறு நாடுகளில், வேறு வகைத் தொடர்களில் எண்ணிக்கை மாறும், ஆனால் பல இயக்குநர்கள் மாறி மாறி வேலை செய்யும் தொடர்களில் முறை ஒன்றுதான்: ஒரு எபிசோட் ஷூட்டிங்கில் இருக்கும்போதே அடுத்த எபிசோடின் இயக்குநர் லொகேஷன் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்களோ அந்த நேரத்தில் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய ஆள். ஆக, ஐந்தாவது எபிசோடை இயக்க வேண்டும் என்றால் நாலாவது எபிசோடையும் உங்களால் ஒளிப்பதிவு செய்ய முடியாது. இரண்டு எபிசோடுக்கு மாற்று ஆள் தேவை. வாய்ப்புக் கேட்கிறவர்களில் பலர் இதை யோசிப்பதே இல்லை. தயாரிப்பாளர் முதலில் யோசிப்பதே இதைத்தான்.

இதற்கு மூன்று வழி இருக்கிறது. முதலாவது, இடைவெளி முடிந்து வரும் எபிசோடைக் கேட்பது. இரண்டு சீசனுக்கு நடுவிலோ, சீசன் நடுவே விடுகிற விடுமுறையிலோ உங்கள் முன்தயாரிப்பை முடித்துக்கொள்ளலாம், யாருடைய ஷூட்டிங்கும் கெடாது. தொடருக்குள்ளேயே இருந்து இயக்க வரும் நடிகர்களுக்கும் எடிட்டர்களுக்கும் இப்படிப்பட்ட எபிசோட்கள் அதிகம் போவது இதனால்தான். ஆனால் சீசனைத் தொடங்கி வைக்கும் எபிசோடைப் பெரும்பாலும் அனுபவசாலியிடம்தான் கொடுப்பார்கள், அதற்கு ஆசைப்பட வேண்டாம். இரண்டாவது, உங்கள் தொடரில் இரண்டு ஒளிப்பதிவாளர்கள் மாறி மாறி வேலை செய்கிறார்கள் என்றால் பாதிப் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிடும், மற்றவரோடு பேசி நாட்களை மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவது, நான் மிகவும் சிபாரிசு செய்வது: உங்கள் கேமரா ஆபரேட்டரை, அதாவது நீங்கள் சொன்னபடி கேமராவைக் கையாளுகிறவரை, தயார் செய்வது. செகண்ட் யூனிட் (முக்கிய நடிகர்கள் தேவைப்படாத ஷாட்களைத் தனியாக எடுக்கும் சின்னக் குழு) நாட்களை அவரிடம் விடுங்கள். சின்ன சீன்களின் லைட்டிங்கை அவர் செய்யட்டும், நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். ஒரு சீசன் இப்படிப் போனால், "நீ இயக்கப் போனால் யார் ஒளிப்பதிவு செய்வது?" என்ற கேள்வி வரும்போது பதில் செட்டிலேயே நின்றுகொண்டிருக்கும், தயாரிப்பாளரும் அவர் எடுத்ததை ஏற்கெனவே பார்த்திருப்பார்.

நம்மில் பலர் இதற்கு நேர்மாறாகத்தான் இருக்கிறோம். எல்லாம் நம் கையால் நடந்தால்தான் மதிப்பு என்று நினைத்து, ஒரு லைட்டைக்கூட அடுத்தவரைத் தொட விடுவதில்லை. ஒளிப்பதிவாளராக அது உங்களை அசைக்க முடியாத ஆளாக்கும். அசைக்க முடியாத ஆளை யாரும் அங்கிருந்து அசைக்கவும் மாட்டார்கள்.

எப்போது, யாரிடம் கேட்பது

ஷூட்டிங் நடுவில், ஓவர்டைம் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்காதீர்கள். அடுத்த சீசனின் இயக்குநர் பட்டியல் போடுவதற்குக் கொஞ்சம் முன்னால் கேளுங்கள். ஷோ ரன்னர், அதாவது கதையையும் தயாரிப்பையும் சேர்த்து நடத்துகிறவர், இருக்கும் தொடர் என்றால் அவரிடம், இல்லையென்றால் தொடரின் மொத்தப் பொறுப்பும் யாரிடம் இருக்கிறதோ அவரிடம். "எனக்கும் இயக்க ஆசை" என்று பொதுவாகச் சொல்வது காற்றில் போய்விடும். "அடுத்த சீசனில் விடுமுறைக்கு அப்புறம் வரும் எபிசோடை இயக்க விரும்புகிறேன், எனக்குப் பதில் இவர் ஒளிப்பதிவு செய்வார், அதற்குள் இரண்டு இயக்குநர்களோடு முழு எபிசோடும் கூட இருந்து கற்றுக்கொள்கிறேன்" என்று சொன்னால் அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லியாக வேண்டும்.

முடிந்தால் முன்னணி நடிகர்களின் ஆதரவையும் தேடிக்கொள்ளுங்கள், ஆனால் அவர்களை வைத்து அழுத்தம் கொடுக்க வேண்டாம். உங்கள் பெயர் பேச்சில் வரும்போது "அவரா, நல்லது" என்று அவர்களே சொல்கிற அளவுக்குப் பழக்கம் இருந்தால் போதும்.

இது நடக்காத காரியம் இல்லை. ஃபில் ஆப்ரஹாம் 'தி சோப்ரானோஸ்' தொடரில் ஒளிப்பதிவாளராக இருந்து அதிலேயே இயக்கவும் செய்தார். பிறகு 'மேட் மென்' பைலட்டின் (தொடரின் முதல் எபிசோட்) ஒளிப்பதிவுக்காக 2008இல் அமெரிக்க டிவி விருதான எம்மி வாங்கினார், அந்தத் தொடரிலும் பல எபிசோட்களை இயக்கினார். மைக்கேல் ஸ்லோவிஸ் 'பிரேக்கிங் பேட்' தொடரின் ஒளிப்பதிவாளர். அதிலேயே சில எபிசோட்களை இயக்கிவிட்டு 2015இல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' இயக்கப் போனார். 'தி வயர்' தொடரின் தொடக்க சீசன்களை ஒளிப்பதிவு செய்த ஊட்டா பிரிஸெவிட்ஸ் இப்போது முழுநேர டிவி இயக்குநர். ஜெசிக்கா லீ கான்யே 'செவரன்ஸ்' தொடரின் ஒளிப்பதிவாளர், 2025இல் வந்த இரண்டாம் சீசனின் ஏழாவது எபிசோடை இயக்கினார், அதுதான் அவர் முதலில் இயக்கியது. இவர்களில் முதல் இருவருக்கும் கடைசியாகச் சொன்னவருக்கும் முதல் வாய்ப்பு வந்தது ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த தொடரிலிருந்துதான் என்பதைக் கவனியுங்கள். வெளித்தொடரில் போய் முதல் எபிசோட் கேட்பது மிகவும் கஷ்டம்.

வாய்ப்பு வருவதற்குள் என்ன கற்பது

லென்ஸ் தெரியும், ஆக்சிஸ் தெரியும், கண்டினியூட்டி தெரியும், ஒரு சீனுக்கு எத்தனை ஷாட் வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். அதெல்லாம் சரி. உங்களுக்குத் தெரியாதது இயக்குநர் செட்டுக்கு வருவதற்கு முன்னாலும் செட்டை விட்டுப் போன பின்னாலும் செய்கிற வேலை. நடிகர் தேர்வு நடக்கும் அறை, எழுத்தாளரோடு சீன் சீனாக உட்கார்ந்து பேசும் கூட்டம், எடிட்டிங் அறை, இந்த மூன்றிலும் ஒளிப்பதிவாளருக்குப் பெரும்பாலும் இடம் இருக்காது. அதனால் ஒரு இயக்குநரோடு முதல் நாள் மீட்டிங் தொடங்கி அவருடைய எடிட் முடியும்வரை கூடவே இருங்கள். இதற்குப் பெரும்பாலும் சம்பளம் கிடைக்காது. செட் நாட்களைத் தவிர்த்தாலும் பரவாயில்லை, அது உங்களுக்குத் தெரிந்ததுதான். மற்ற நாட்களைத் தவறவிடாதீர்கள்.

எடிட்டிங் அறையில் சும்மா பின்னால் உட்காராமல், எடிட்டரிடம் ஒரு சீனின் மொத்த ஃபுட்டேஜையும் கேட்டு வாங்கி நீங்களே வெட்டிப் பாருங்கள். நீங்களே ஒளிப்பதிவு செய்த சீனாக இருந்தால் இன்னும் நல்லது. மணிக்கணக்கில் ட்ராலி போட்டு எடுத்த ஷாட் எங்கேயும் பொருந்தாமல் கிடக்கும். போகிற போக்கில் எடுத்த ஒரு க்ளோஸப், அதிலும் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறவரின் முகம், அதுதான் சீனையே தூக்கி நிறுத்தும். இதை யார் சொல்லிக் கேட்டாலும் ஏறாது, நம் ஷாட்டை நாமே வெட்டி எறிந்தால்தான் ஏறும்.

நடிப்புப் பயிற்சி வகுப்புக்குப் போங்கள். கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. பத்துப் பேர் பார்க்க நின்று ஒரு வசனத்தைச் சொல்லி, முன்னால் இருப்பவர் "இன்னும் கொஞ்சம் சோகமாக" என்று சொல்லும்போது உள்ளுக்குள் என்ன ஆகிறது என்று தெரிந்துகொண்டால், அந்த வார்த்தையை வாழ்க்கையில் யாரிடமும் சொல்ல மாட்டீர்கள்.

அப்புறம் குறும்படம். எல்லாக் கேமராமேனும் குறும்படம் எடுக்கிறார்கள், எடுத்ததில் பாதி மூடுபனியும் பின்னொளியும்தான். பார்க்கிற தயாரிப்பாளருக்கு அதிலிருந்து தெரிய வருவது நீங்கள் நல்ல ஒளிப்பதிவாளர் என்பது, அது அவருக்கு ஏற்கெனவே தெரியும். எனவே ஒரு அறை, இரண்டு நடிகர்கள், ஏழெட்டு நிமிடம், சாதாரண ஒளி, அதுவும் வேறு ஒருவர் ஒளிப்பதிவில். உங்களுக்கு நடிகர்களோடு வேலை செய்யத் தெரியும் என்பதற்கு அந்த ஒரு படம்தான் ஆதாரம்.

செகண்ட் யூனிட் இயக்கச் சொன்னால் செய்யுங்கள், ஆனால் அதையே பிடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். கார் போவது, கட்டடம், கை கதவைத் திறப்பது, இதில் நடிகரே இல்லை. எத்தனை நாள் செய்தாலும் அது உங்களை ஒரு வசன சீனுக்குத் தயார் செய்யாது.

ஸ்க்ரிப்ட் கைக்கு வந்ததும்

சரி, எபிசோட் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஸ்க்ரிப்டை முதல் தடவை படிக்கும்போதே உங்களுக்கு ஷாட் ஓட ஆரம்பிக்கும். அது பழக்கதோஷம், தடுக்க முடியாது. ஆனால் எழுதி வைக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று வாசிப்பில் கேமரா என்ற சொல்லே உங்கள் குறிப்பில் வரக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சீனை எடுத்துப் பார்க்கலாம். மகள் வீட்டை விற்பதற்கான பத்திரத்தோடு அப்பாவிடம் வருகிறாள். அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். அவள் வழியெல்லாம் சண்டைக்குத் தயாராகி வந்திருக்கிறாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கம் படிக்கிறார், பிறகு "பேனா இருக்கா?" என்கிறார். சீன் அவ்வளவுதான்.

ஒளிப்பதிவாளர் மூளை உடனே ஜன்னலைப் பிடித்துக்கொள்ளும். அப்பாவை சில்லவுட்டில், பின்னொளியில் வெறும் கருப்பு உருவமாக, வைக்கலாம், மகளின் மேல் ஒளி விழட்டும், மெதுவாக ட்ராலியில் உள்ளே போகலாம். அழகாகத்தான் இருக்கும். ஆனால் சில்லவுட்டில் வைத்தால் அவர் படிக்கும்போது கண்ணில் ஓடுவது தெரியாது, அந்த சீனில் நடக்கிற ஒரே விஷயம் அதுதானே. இயக்குநராகக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. மகளுக்கு என்ன வேண்டும்? கையெழுத்து என்று சொல்வது சுலபம். உண்மையில் அவர் மறுக்க வேண்டும், தான் கத்த வேண்டும், அப்படியே பழி அவர் மேல் போக வேண்டும் என்றுதான் அவள் வந்திருக்கிறாளோ? அப்படியென்றால் "பேனா இருக்கா?" என்ற கேள்விதான் சீன் திரும்பும் இடம். அதுவரை அவள் நின்றுகொண்டிருக்கலாம், அங்கே உட்கார்ந்துவிடலாம். அல்லது பேனாவை எடுக்கப் பையைத் திறந்து, அது கைக்குக் கிடைத்த பிறகும் தேடிக்கொண்டே இருக்கலாம். யார் எப்போது நகர்கிறார்கள் என்பது முடிவானால் கேமரா எங்கே என்பது தானாகவே வந்துவிடும், அதில்தான் உங்களுக்குப் பத்துப் பதினைந்து வருட அனுபவம் இருக்கிறதே.

ஒவ்வொரு சீனுக்கும் இப்படி மூன்று வரி எழுதுங்கள்: யாருக்கு என்ன வேண்டும், எங்கே திரும்புகிறது, சீன் முடியும்போது யார் கை ஓங்கியிருக்கிறது. இந்த மூன்று வரி எழுத முடியாத சீன் இருந்தால் அதை எழுத்தாளரிடம் கேளுங்கள். அதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது, டோன் மீட்டிங் என்பார்கள், ஷூட்டிங்குக்கு முன்னால் எழுத்தாளரும் இயக்குநரும் ஸ்க்ரிப்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பேசுவது. இந்த இடம் சிரிப்பா, சங்கடமா. இந்தக் கதாபாத்திரத்துக்கு ரகசியம் ஏற்கெனவே தெரியுமா, இனிமேல்தான் தெரியுமா. முதல் முறை இயக்க வருகிறவர்கள் இங்கே எல்லாம் புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு செட்டில் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கூட்டத்தில் முட்டாள்தனமான கேள்வி என்று எதுவுமே இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள்.

நாள் திட்டம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் சுமார் ஒரு நிமிடம், 50, 60 பக்க ஸ்க்ரிப்டை 8 நாளில் எடுத்தால் ஒரு நாளைக்கு ஆறேழு பக்கம். ஒன்று மட்டும்: எல்லா சீனுக்கும் நேரத்தைச் சமமாகப் பங்கு போடாதீர்கள். எபிசோடின் உயிர் இரண்டு மூன்று சீனில்தான் இருக்கும், அதற்கு நேரம் வேண்டும் என்றால் மற்ற சீன்களில் சிலவற்றை ஒரே ஷாட்டில் முடிக்கத் துணிய வேண்டும். எவற்றை என்பதை முன்தயாரிப்பிலேயே முதல் உதவி இயக்குநரிடம் சொல்லிவிடுங்கள், ஷெட்யூல் போடும்போது முக்கியமான சீன் நாளின் கடைசியில் போய் விழாமல் அவர் பார்த்துக்கொள்வார்.

செட்டில்

முதல் நாள் காலையில் செய்ய வேண்டிய முதல் வேலை லைட்டைப் பார்க்காமல் இருப்பது. சிரிக்காதீர்கள், இது ரொம்பக் கஷ்டம். மானிட்டர் முன்னால் உட்கார்ந்ததும் கண் தானாக நடிகையின் தலைக்குப் பின்னால் இருக்கும் விளக்குக்குப் போகும், கன்னத்தில் விழும் நிழலுக்குப் போகும். டேக் முடிந்து "எப்படி இருந்தது?" என்று அவர் உங்களைப் பார்க்கும்போது உங்களிடம் பதில் இருக்காது, ஏனென்றால் நீங்கள் நடிப்பைப் பார்க்கவே இல்லை. ஒரு வழி சொல்கிறேன்: ரிகர்சலின்போது மானிட்டரை விட்டு எழுந்து கேமராவுக்குப் பக்கத்தில், நடிகர்களைக் கண்ணால் நேராகப் பார்க்கும் தூரத்தில் நில்லுங்கள். இடம் இருந்தால் டேக்கின்போதும்.

பிளாக்கிங்கை, அதாவது யார் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்பதை, நடிகர்களிடமிருந்து தொடங்குங்கள். தரையில் மார்க் ஒட்டிவிட்டு "இங்கே நில்லுங்கள், ஜன்னல் ஒளி இங்கேதான் வருகிறது" என்று ஆரம்பித்தால் அவர்களுக்கு நீங்கள் இன்னும் பழைய கேமராமேன்தான். முதலில் அவர்கள் நடந்து பார்க்கட்டும். உங்கள் மனதில் ஒரு திட்டம் இருக்கட்டும், அதைவிட நல்லது அவர்களிடமிருந்து வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், வராவிட்டால் உங்கள் திட்டத்தை ஒரு காரணத்தோடு சொல்லுங்கள். "ஜன்னலுக்குப் போங்கள்" என்பதைவிட "அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னலுக்குப் போகிறீர்கள்" என்றால் அவர்களே போவார்கள், சரியான வேகத்திலும் போவார்கள்.

நடிகருக்குக் குறிப்புச் சொல்வதும் இப்படித்தான். "கோபம் கொஞ்சம் குறைவு" என்றால் அடுத்த டேக்கில் குரல் உயரும், அவ்வளவுதான். அந்த மகள் சீனையே எடுத்துக்கொள்ளுங்கள். "அவர் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் பயப்படுகிறாய், ஆனாலும் பேனாவை நீட்டியாக வேண்டும்" என்று சொன்னால் நடிகைக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு குறிப்பு. பக்கத்தில் போய், தாழ்ந்த குரலில். மைக்கில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னீர்கள் என்றால் அந்த நடிகர் அன்றைக்கு முழுதும் உங்களிடமிருந்து ஒதுங்கியே இருப்பார். நன்றாக வந்த டேக்குக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். லைட் சரியாக இருந்தால் லைட்மேனிடம் நாம் தலையசைத்துவிட்டுப் போகிறோம், நடிகர்களுக்கு அந்தத் தலையசைப்புப் போதாது.

அடுத்தது, உங்கள் இடத்தில் நிற்கும் ஒளிப்பதிவாளர். நேற்றுவரை உங்கள் ஆபரேட்டராக இருந்தவராகவே இருக்கலாம். அவரை வேலை செய்ய விடுங்கள். என்ன உணர்வு வேண்டும் என்று சொல்லுங்கள், எந்த விளக்கு என்று சொல்லாதீர்கள். லைட்மேன்கள் பழக்கத்தில் உங்களைத்தான் பார்ப்பார்கள், அவரைக் கை காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். நீங்கள் ஒரு விளக்கைத் திருத்தினால் செட்டில் இரண்டு ஒளிப்பதிவாளர், இயக்குநர் யாருமில்லை.

ரீட் மொரானோ இதற்கு நல்ல உதாரணம். ஒளிப்பதிவாளராகப் பெயர் வாங்கியவர், தன் முதல் படமான 'மெடோலேண்ட்' (2015) படத்தைத் தானே இயக்கி, ஒளிப்பதிவும் தானே செய்தார். டிவியில் 2017இல் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' தொடரின் முதல் மூன்று எபிசோட்களை இயக்கியபோது கேமராவை காலின் வாட்கின்சனிடம் கொடுத்துவிட்டார். அந்த முதல் எபிசோடுக்கு இயக்கத்துக்கான எம்மி இவருக்கு, ஒளிப்பதிவுக்கான எம்மி வாட்கின்சனுக்கு. பின்னர் வாட்கின்சனும் அதே தொடரில் இயக்கினார்.

நம் பக்கத்தில் உடனே பாலு மகேந்திராவைச் சொல்வார்கள். 1977இல் 'கோகிலா'வில் இயக்குநரானவர், கடைசிவரை கேமராவைக் கையை விட்டு விடவில்லை, டிவிக்கு வந்து 'கதை நேரம்' செய்தபோதும் அப்படித்தான். அவர் பாணிக்கு அது பொருந்தியது, நேரமும் தாளமும் அவர் கையில் இருந்தன. பலர் கூடி இயக்கும் தொடரில், ஒரு நாளைக்கு ஆறேழு பக்கம் எடுக்கும்போது இரண்டு வேலையும் ஒருவர் செய்வது எனக்குத் தெரிந்து நல்ல யோசனை இல்லை. கே.வி.ஆனந்த் போன பாதை இதற்கு நெருக்கம்: தேசிய விருது வாங்கிய ஒளிப்பதிவாளர், இயக்குநரானதும் 'அயன்' படத்துக்கு எம்.எஸ்.பிரபு, 'கோ' படத்துக்கு ரிச்சர்ட் எம்.நாதன் என்று ஒளிப்பதிவை அடுத்தவரிடம் ஒப்படைத்தார்.

எடிட், அதற்கு அப்புறம்

ஷூட்டிங் முடிந்ததும் வேலை முடிந்ததாக நினைப்பது ஒளிப்பதிவாளர் பழக்கம். அமெரிக்க ஒப்பந்தத்தில் ஒரு மணி நேர எபிசோடுக்கு இயக்குநரின் எடிட்டுக்கு 4 நாள் உண்டு. உங்களுக்கு எவ்வளவு கிடைத்தாலும் முழுதாகப் பயன்படுத்துங்கள், அந்த நாட்களில் வேறு வேலை ஒப்புக்கொள்ளாதீர்கள். எடிட்டர் போட்ட முதல் வெட்டைப் பார்க்கும்போது வயிறு கலங்கும், எல்லோருக்கும் கலங்கும். ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். அப்புறம் எபிசோட் தயாரிப்பாளர் கைக்குப் போகும், அவர்கள் மாற்றுவார்கள், உங்களுக்குப் பிடித்த சீன் ஒன்று காணாமல் போகும். டிவியில் கடைசி வார்த்தை இயக்குநருடையது கிடையாது. இதில் சண்டை போட்டு ஜெயித்தவர்கள் குறைவு, சண்டை போட்டதால் இரண்டாவது எபிசோட் கிடைக்காதவர்கள் நிறைய.

இரண்டாவது எபிசோட்தான் உண்மையான கஷ்டம். முதலாவது பழக்கத்தில், அன்பில் கொடுத்ததாக இருக்கலாம் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். உங்கள் தொடரிலேயே இன்னொன்று கேட்டு வாங்குங்கள், பிறகு வேறு தொடருக்கு முயற்சி செய்யுங்கள். அங்கே போகும்போது ஒரு சங்கடம் வரும்: இயக்க வாய்ப்புக் கேட்டால் "இயக்குநர் பட்டியல் முடிந்துவிட்டது, ஒளிப்பதிவு செய்கிறாயா?" என்பார்கள். சம்பளம் தெரியும், வேலை தெரியும், மூன்று மாதத்துக்குக் கவலை இல்லை. ஒப்புக்கொண்டால் அந்த சீசன் முழுக்க வேறு இயக்குநர் அழைப்பு எதற்கும் போக முடியாது. மறுத்தால் சும்மா இருக்க வேண்டி வரலாம். கையில் ஆறு மாதத்துக்குச் செலவுக்கு இருந்தால் மறுக்கலாம். இல்லையென்றால் ஒப்புக்கொண்டு, அந்தத் தொடரிலேயே ஒரு எபிசோட் இயக்குவதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னது சீசன் நடுவில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

திரும்பக் கேமராவுக்குப் போவது தோல்வி என்றும் நினைக்க வேண்டியதில்லை. கார்ல் ஃப்ராய்ண்ட் 1927இல் வந்த 'மெட்ரோபோலிஸ்' படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவர். 1932இல் 'தி மம்மி'யை இயக்கினார். பிறகு ஒளிப்பதிவுக்கே திரும்பி 'தி குட் எர்த்' (1937) படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார். 1951இல் டிவிக்கு வந்து 'ஐ லவ் லூசி' தொடரில், பார்வையாளர்கள் முன்னிலையில் மூன்று ஃபிலிம் கேமராவை ஒரே நேரத்தில் ஓட்டும்போது ஷாட்டுக்கு ஷாட் விளக்கை மாற்றாமல் எல்லாக் கோணத்துக்கும் பொருந்துகிற லைட்டிங்கைச் செய்து காட்டினார்.

இயக்குநராகவே தொடர நினைத்தால் ரீலை, வேலை கேட்கும்போது காட்டுகிற மாதிரித் தொகுப்பை, மாற்றுங்கள். ஒளிப்பதிவு ரீலும் இயக்க ரீலும் ஒரே லிங்கில் இருக்கக் கூடாது. இயக்க ரீலில் பாட்டுப் போட்டு ஷாட்களைக் கோத்த மான்டேஜ் வேண்டாம், இரண்டு முழு சீன் போதும், ஒன்று வசனம் அதிகம் உள்ளது, இன்னொன்று வசனமே இல்லாதது என்றால் நல்லது. ஏஜென்ட் இருந்தால் இரண்டு வேலைக்கும் ஒரே ஆளா, தனித்தனியா என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒளிப்பதிவாளர் வேலைகளைக் கொண்டுவருவது அவருக்குச் சுலபம், அதையேதான் கொண்டுவருவார். சங்கம் இருக்கும் இடங்களில் ஒளிப்பதிவாளர் சங்கமும் இயக்குநர் சங்கமும் வேறு வேறு. முதல் எபிசோடில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சேர்க்கைக் கட்டணம், பழைய சங்கத்தில் உங்கள் நிலை என்ன ஆகும் என்பதையெல்லாம் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், ஷூட்டிங் வாரத்தில் இதற்கு அலைய நேரம் கிடைக்காது.